29 மில்லிகிராம் யாருடைய கணக்கு?

பழைய வட ஆற்காட்டில், இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், ஊட்டச்சத்துக் கூட்டங்களில் பேசும் மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கல்லூரி மாணவிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

செப்டம்பர் பிறந்தால் நம் ஊர்களில் ஊட்டச்சத்து மாதம் தொடங்கிவிடுகிறது. அங்கன்வாடி வாசலில் முளைகட்டிய பயறிலும் கீரையிலும் கோலம் போடுகிறோம். பாய் விரித்துப் பெண்களை உட்கார வைக்கிறோம். பின்னால் ஒரு பேனர், அதில் ஓர் அட்டவணை. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இரும்புச்சத்து 29 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) 1000 மில்லிகிராம், புரதம் 46 கிராம். எண்களில் பிழை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரையிலிருந்து எடுத்தவைதான். அவற்றை நாம் அந்தப் பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதம்தான் தவறு. அதைப் பற்றி எழுதவே இந்த மடல்.

நானும் உங்களில் ஒருத்தி. மனையியல் நடத்துபவள், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து மகளிர் குழுக் கூட்டங்களில் பேசப் போகிறவள். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது: “உங்களுக்கு 29 வேணும். நீங்க சாப்பிடறதுல அதுல பாதிகூட வராது. அதனாலதான் ரத்தசோகை. உங்க உடம்பை நீங்கதான் பாத்துக்கணும்.” கேட்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாசிக்கும்போது குனிந்த அதே தலை.

29 என்பது தேர்ச்சி மதிப்பெண் அல்ல. அந்த அறிக்கையைப் புரட்டினால் ஒவ்வொரு சத்துக்கும் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று சராசரித் தேவை: நலமாக உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால் அதில் ஐம்பது பேருக்குப் போதுமான அளவு. மற்றது பரிந்துரை: நூற்றில் 97 பேருக்கும் மேல் போதுமான அளவு. சராசரிக்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டு இரண்டாவது எண்ணை வைக்கிறார்கள். வாசல் நிலையைச் சராசரி உயரத்துக்கு அடித்தால் பாதிப்பேர் தலை இடித்துக்கொள்வார்கள்; அதனால் நெட்டையாக இருப்பவருக்கும் இடிக்காத உயரத்தில் அடிக்கிறோம். நிலை ஆறரை அடி என்பதற்காக வீட்டிலுள்ளவர்களெல்லாம் ஆறரை அடி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பேனரைக் காட்டி நாம் சொல்வது கிட்டத்தட்ட அதைத்தான்.

வயது வந்த பெண்ணின் இரும்புச்சத்தில் இந்த இடைவெளி மிகப் பெரிது. சராசரித் தேவை 15 மில்லிகிராம், பரிந்துரை 29. ஏன் இவ்வளவு? மாதவிடாயில் போகும் ரத்தம் ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடுகிறது. சிலருக்கு மிக அதிகம். அவர்களையும் அடக்க வேண்டுமானால் எண் மேலே போய்த்தான் ஆக வேண்டும். இன்னொன்று, சோறும் பருப்பும் காயுமான நம் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது என்பதையும் கணக்கில் வைத்தே இந்த எண் போடப்பட்டிருக்கிறது. ஆக 20 மில்லிகிராம் சாப்பிடும் பெண்ணுக்குக் குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அட்டவணையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஓர் ஊரின் சாப்பாடு போதுமா என்று அளக்கும்போது பரிந்துரை எண்ணைக் கோடாக வைக்கக் கூடாது, சராசரித் தேவையைத்தான் வைக்க வேண்டும் என்பதும் அடிப்படை விதி. அந்த வேறுபாட்டுக்காகத்தான் 2020 அறிக்கை இரண்டையும் தனித்தனியே தந்தது. கல்லூரிப் பிள்ளைகள் களஆய்வு என்று ஓர் ஊருக்குப் போய், 29-க்குக் கீழே இருப்பவர்களையெல்லாம் ‘பற்றாக்குறை’ என்று எண்ணிக்கொண்டு வந்தால் ஊரில் ஒருத்திகூட மிஞ்ச மாட்டாள். கலோரிக்கோ பாதுகாப்பு இடைவெளியே கிடையாது. இரும்பில் கொஞ்சம் கூடினால் உடம்பு தாங்கிக்கொள்ளும். கலோரியில் தினமும் கொஞ்சம் கூடினால் அது இடுப்பில் ஏறிவிடும். அதனால் கலோரிக்கு எல்லோருக்கும் சராசரி மட்டுமே.

இத்தனையும் யாருக்குத் தெரியுமா? 55 கிலோ எடையுள்ள ‘மாதிரிப் பெண்’ ஒருத்திக்கு. ஆணென்றால் 65 கிலோ. நம் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் 45 கிலோவைத் தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். புரதத்துக்கு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு. 55 கிலோவுக்கு 46 கிராம் வரும், 45 கிலோவுக்கு 37 கிராம் வரும். 46 என்று பேனரில் எழுதி எல்லோரையும் அதற்குக் கீழே நிறுத்துகிறோம்.

இந்த எண்கள் கல்வெட்டும் அல்ல. நம் நாட்டில் உணவுச் சத்து ஆராய்ச்சி 1918-இல் குன்னூரில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியதிலிருந்து வருகிறது. அது வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போனதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியர்களுக்கென்று முதல் பரிந்துரை 1944-இல் வந்தது. அன்றிலிருந்து மாறிக்கொண்டேதான் இருக்கிறது. வயது வந்தோருக்கான சுண்ணாம்புச்சத்து 2010-இல் 600 மில்லிகிராம்; 2020-இல் 1000. பெண்ணின் இரும்பு 21-லிருந்து 29. பத்து வருடத்தில் நம் பெண்களின் எலும்பும் ரத்தமும் மாறிவிடவில்லை. கணக்குப் போடும் முறை மாறியது, கையிலிருக்கும் சான்றுகள் மாறின. நல்ல விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற நாம் அதை வேதவாக்காக வாசிக்கக் கூடாது.

குடியாத்தம் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் ஓர் அம்மா மடியில் முறத்தை வைத்து, பேச்சைக் கேட்டபடியே பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. இலையை உருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடக்கி, கட்டோடு சேர்க்கும் வரை கண் மட்டும் எங்களைப் பார்த்தது. நான் முடித்ததும் சொன்னார்: “டீச்சரம்மா, மில்லிகிராம்லாம் எனக்கு இன்னா தெரியும்? களி எவ்ளோ, கீரை எவ்ளோ, பருப்பு எவ்ளோ, அத்தச் சொல்லு. அப்புறம் அத்த வாங்க துட்டு எங்க கீதுன்னும் சொல்லு.”

அவர் கேட்டதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். பீடி சுற்றுவது காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்தே செய்யும் வேலை. உடம்பு நோகும், ஆனால் கலோரி அதிகம் செலவாகாது. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குப் பரிந்துரை 1660 கலோரி. கழனியில் கடுமையாக உழைப்பவளுக்கு 2720. ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் இருவருக்கும் ஒன்றே. கழனிக்காரி அதிகம் சாப்பிடுகிறாள், சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தோடும் சத்தும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே போகிறது. பீடிக்காரம்மா கொஞ்சமாகச் சாப்பிட்டு அதே அளவு சத்தை எடுத்தாக வேண்டும். அவருடைய தட்டு கழனிக்காரியின் தட்டைவிடச் சத்து செறிந்ததாக இருக்க வேண்டும்.

தட்டில் இருப்பது என்ன? மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் இதற்குக் குறையாது. அதிலேயே 1425 கலோரி போய்விட்டது. புரதம் 32 கிராம் வந்திருக்கிறது. ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்த புரதம், பருப்பு சேர்ந்தால்தான் முழுப் பயன். இரும்பு, செறிவூட்டாத (சத்து தனியே சேர்க்காத) தீட்டிய அரிசியென்றால், இரண்டரை மில்லிகிராம் சொச்சம். சுண்ணாம்பு 30 மில்லிகிராம். மிச்சமிருக்கும் 235 கலோரிக்குள் 970 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தை அந்த அம்மா எங்கே போய்த் தேடுவார்? இதில் அவர் செய்த குற்றம் என்ன? அரிசி இலவசம், மற்றதெல்லாம் காசு.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். அந்த 400 கிராமில் 100 கிராமை எடுத்துவிட்டுக் கேழ்வரகை வையுங்கள். கலோரி கூடவில்லை, சற்றே குறைகிறது. சுண்ணாம்பு 350 மில்லிகிராமுக்கு மேல் கூடுகிறது, இரும்பு 4 மில்லிகிராம் போலக் கூடுகிறது. நம் பாட்டிமார் காலையில் கூழும் மத்தியானம் களியுமாக இருந்தபோது சாப்பாட்டில் இருந்த இந்தச் சத்து, அரிசி மலிந்து, களி ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பெயர் வாங்கியபோது போய்விட்டது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் குறையும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இன்னொரு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு. முருங்கை இல்லாத தெரு நம் பக்கம் உண்டா?

அடுத்து பருப்பு. இதைத்தான் நீங்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2000 கலோரித் தட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். 85 எங்கே, 8 எங்கே! அந்தத் தட்டின்படி பால் அதே நால்வருக்கு மாதம் 36 லிட்டர் வேண்டும். அட்டவணை பேச வேண்டிய இடம் இதுதான். வறுமையைப் பார்த்து “நீ குறைவாகச் சாப்பிடுகிறாய்” என்று சொல்லப் புள்ளிவிவரம் தேவையில்லை. ரேஷன் கூடையைப் பார்த்து “இதில் பருப்பு பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது” என்று சொல்லத்தான் தேவை.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளாகக் கடைகளில் வந்திருப்பது செறிவூட்டப்பட்ட அரிசி. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்க்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. நூறு அரிசிக்கு ஓர் அரிசி என்ற கணக்கில் கலந்திருக்கும் அந்த மணிகள் நிறத்தில் சற்று வேறுபடும். அதைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. 400 கிராம் அரிசியில் 11 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு அந்த மணிகளில்தான் இருக்கிறது. அதைப் பொறுக்கக் கூடாது, அதிகத் தண்ணீரில் பலமுறை களையக் கூடாது, வடித்த கஞ்சியைக் கொட்டக் கூடாது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். பேனரிலுள்ள மொத்த அட்டவணையையும்விட அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயன் அதிகம்.

நாம் காட்டும் படங்களும் மாற வேண்டும். மாதுளை, பீட்ரூட், பேரீச்சை என்று சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்ற நம்பிக்கைக்கு நம் பேனர்களே துணை போகின்றன. மாதுளையில் இரும்பு மிகக் குறைவு. உடம்பில் எளிதாகச் சேரும் இரும்பு ஈரலிலும் சுவரொட்டியிலும் இறைச்சியிலும் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மாட்டிறைச்சி சாப்பிடும் வீடுகள் ஏராளம். சத்துள்ள, கைக்கு எட்டும் விலையில் உள்ள சாப்பாடு அது. நம் மேடையில் அதன் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை. சாப்பிடாதவர்களை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. சாப்பிடுகிறவர்களிடம், “உங்க வீட்டு அடுப்புல இருக்கறதே நல்ல சத்து” என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? கீரை சாப்பிடும் நாளில் எலுமிச்சை பிழியுங்கள், நெல்லிக்காய் சேருங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள் என்பதும் செலவில்லாத யோசனைகள். பீடி சுற்றும் இடத்தில் டீ நாளெல்லாம் ஓடும் என்பதால் அங்கே இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டுமே காரணமும் அல்ல. குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு, பிரசவங்களுக்கு இடையே போதிய காலம் இல்லாமை, மாதாமாதம் அளவு மீறிய போக்கு, பி12 குறைவு, பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியா என்று எத்தனையோ. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரும் சோம்பேறித்தனமாகச் சமைத்ததால் வந்த நோய் இல்லை. கூடவே, ‘அதிகமானால் நல்லது’ என்றும் விட்டுவிடாதீர்கள். தாங்கும் உச்ச வரம்பு என்று மூன்றாவது எண்ணும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரும்புக்கு அது நாளைக்கு 45 மில்லிகிராம். மருத்துவர் கொடுக்கும் இரும்பு மாத்திரை வேறு கணக்கு, அதை அவர் சொன்னபடி விடாமல் சாப்பிட வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கும் டானிக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இனிமேல்தான். அட்டவணையில் பெண்களின் வரிசையில் இரும்புச்சத்து எந்த வயதில் உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். கர்ப்பிணிக்கு 27. வயது வந்தவளுக்கு 29. பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு 32. அந்த வயதுப் பெண் எங்கே இருக்கிறாள்? பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இன்று பத்தாம் வகுப்போடு நிற்கிறது. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. எந்த வயதில் உடம்பு அதிகம் கேட்கிறதோ அந்த வயதில் தட்டு மறைந்துவிடுகிறது. ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடி, மத்தியானம் டப்பாவில் எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ சாப்பிட்டு, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிற பிள்ளைகளை வேலூர்ப் பேருந்து நிலையத்தில் தினமும் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த கையோடு அவர்களில் பலர் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் 32 என்ற எண்ணைச் சொல்லி என்ன பயன்? அந்த எண்ணை நிதி ஒதுக்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

பாக்கெட் தின்பண்டங்களின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் சதவீதத்தைப் பற்றித் தாய்மார்கள் கேட்டால், அது 2000 கலோரி சாப்பிடும் பெரியவரை வைத்துப் போட்டது, 1360 கலோரி தேவைப்படும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டதல்ல என்பதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. பெண்கள் உட்காரும் கூடத்திலிருந்து அட்டவணையை எடுத்து, அதிகாரிகள் உட்காரும் ஆய்வுக் கூட்டத்து மேசையில் வையுங்கள். கூடத்தில் அதற்குப் பதிலாக ஒரு தராசும், அவரவர் வீட்டு டம்ளரும் குழிக்கரண்டியும் இருக்கட்டும். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு எத்தனை கிராம், ஒரு கரண்டிக் குழம்பில் பருப்பு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்களே நிறுத்துப் பார்க்கட்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவருக்குச் சட்டியில் என்ன மிச்சம் என்று கேளுங்கள், அந்தக் கேள்வியை ஆண்களும் இருக்கும்போது கேளுங்கள்.

ரேஷனில் மாதம் 2 கிலோ கேழ்வரகை அரிசிக்குப் பதிலாகக் கொடுக்கும் ஏற்பாடு 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கியது. களி தின்று வளர்ந்த வட ஆற்காட்டின் ஒவ்வொரு கடையிலும் அது தவறாமல் கிடைக்க வேண்டும். பருப்பு ஆளுக்குத் தக்கபடி கூட வேண்டும். சத்துணவு பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். ஊட்டச்சத்து மாதம் முடிந்த இரண்டாவது நாள், அக்டோபர் 2, கிராம சபை கூடுகிறது. செப்டம்பர் கூட்டங்களில் பெண்கள் தாங்களே போட்ட கணக்கை அந்தச் சபையில் தீர்மானமாக வைக்க அவர்களுக்கு உதவுங்கள். கணக்கும் வாசகமும் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், குடியாத்தத்திலிருந்து எந்த ஊருக்கும் நான் வருகிறேன்.

அன்புடன்,
குடியாத்தம் பக்கத்து மனையியல் ஆசிரியை